குடிவழி வரும் பெருந்தமனி நோய்

நம் குடும்பங்களில் திடீரென நேர்ந்த இறப்புகள் பலவற்றுக்கும் ஒரே காரணம் கூறப்படுவதைக் கேட்டிருக்கிறோம். "மாரடைத்துப் போனார்" என்பதே அது. நாற்பது வயதில் கழனியில் சாய்ந்த பாட்டனாரும், பிள்ளை பெற்ற பத்தாம் நாளில் மறைந்த பெரியம்மாவும், பணிமனையில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்த சித்தப்பாவும் இந்த ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர். ஒரே குடும்பத்தில் இத்தகைய இறப்புகள் மூன்று நேர்ந்திருந்தால், ஊழ் என்றும் சாபம் என்றும் கூறிப் பெருமூச்செறிவர். இவற்றுள் பல உண்மையிலேயே மாரடைப்பாக இருக்கலாம். எனினும், சில குடும்பங்களில் அவை மூன்றும் வேறொரு நோயின் மூன்று வருகைகளாக இருத்தல் கூடும். அந்நோயை மருத்துவ உலகம் எவ்வாறு அடையாளம் கண்டது என்னும் வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

தாய்நாட்டை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாறு தனிப்பட்ட பொருளுடையது. பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்துள்ள ஜோகுபாளையத்தை எண்ணிப் பார்ப்போம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைப் பாசறை நகரை அமைத்தபோது, சென்னைப் படையுடன் சிப்பாய்களாகவும், வணிகர்களாகவும், கட்டட வேலையாள்களாகவும், சமையற்காரர்களாகவும் தமிழ் மக்கள் வந்து அல்சூரைச் சூழ்ந்த பகுதிகளில் குடியேறினர். 1949-இல் அப்பாசறைப் பகுதி பெங்களூர் நகராட்சியுடன் இணைந்தது. 2009-இல் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. இத்தகைய பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தின் கிளைகள் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஒரு கிளை வேலூர்ப் பக்கத்தில் இருக்கும். ஒரு கிளை கோலார்த் தங்கவயலுக்குச் சென்றிருக்கும். இன்னொன்று சென்னையில் இருக்கும். யார், எந்த வயதில், எவ்வாறு இறந்தார் என்னும் செய்தி துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடக்கும். நாம் பேசவிருக்கும் நோயோ, அத்துண்டுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தாலன்றித் தன் முகத்தைக் காட்டுவதில்லை.

முதலில் பெருந்தமனி யாது என்பதைச் சுருங்கக் கூறுவோம். இதயத்தின் இடக் கீழறையிலிருந்து புறப்படும் முதற் குருதிக் குழாயே பெருந்தமனி. வளர்ந்தவர்க்கு அது தோற்றுவாயில் ஏறத்தாழ 3 செ.மீ. அகலமுடையது. மேலெழுந்து, கைத்தடியின் பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை இதயம் உந்தும் குருதியின் முழு வேகத்தையும் முதலில் தாங்குவது அதுவே. அதற்கேற்ப அதன் சுவர் மூன்று அடுக்குகளாக, நெகிழும் நார்களாலும் தசையாலும் அமைந்துள்ளது. இச்சுவரின் உரம் குறையுமானால், குழாய் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி விரிவடைகிறது. ஒருநாள் உள்ளடுக்கு கிழிகிறது. குருதி அடுக்குகளுக்கிடையே புகுந்து, துணியின் உட்புறத் தையல் பிரிவது போலச் சுவரைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் இப்பிளவு நேர்ந்து மருத்துவம் கிட்டாவிடின், முதல் இரண்டு நாள்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவரோ இருவரோ என இறப்பு நேரும் என்று மருத்துவர் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்துள்ளனர்.

இந்நோயைக் கண்ணாரக் கண்டு எழுதிய பழைய குறிப்புகளுள் புகழ்பெற்றது ஓர் அரசனைப் பற்றியது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25-ஆம் நாள் காலையில் திடீரென விழுந்து இறந்தார். மறுநாள் அவருடல் திறந்து ஆராயப்பட்டது. இதயத்தைச் சூழ்ந்த பையில் உறைந்த குருதி நிறைந்திருந்தமையும், பெருந்தமனியின் உட்புறத்தில் கிழிசல் ஒன்று இருந்தமையும் மருத்துவர் பிராங்க் நிக்கல்சு எழுதிய குறிப்பால் தெரியவருகின்றன. அரசர்க்கும் அன்று கிடைத்தது இறந்தபின் அறியும் அறிவு மட்டுமே. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு ஏனையோர் நிலையும் அதுவேயாயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சி படைவீரர் பக்கம் திரும்பியது. பிரிட்டிஷ் படையினரிடையே பெருந்தமனி வீக்கம் மிகுதியாகக் காணப்பட்டது. கழுத்தை இறுக்கும் பட்டையும், மார்பை அழுத்தும் வார்களும், முதுகுச் சுமையுமே காரணம் எனப் பலர் வாதித்தனர். பெங்களூர்ப் பாசறை போன்ற இடங்களில் கொளுத்தும் வெயிலில் அவ்வுடையணிந்து அணிவகுத்த வீரர்களை எண்ணும்போது, அக்கருத்து நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. எனினும், நெட்லி படை மருத்துவமனையைச் சேர்ந்த பிரான்சிஸ் வெல்ஷ் என்பார் 1870-களில் வேறொரு காரணத்தைச் சுட்டினார். சிபிலிஸ் எனப்படும் மேகநோயே அது என்றார். அவர் கூற்றைப் பிற்கால ஆராய்ச்சி உறுதி செய்தது. இதனால் ஒரு தீமையும் விளைந்தது என்றே கூற வேண்டும். மார்பிலுள்ள பெருந்தமனி வீங்கினால் அது ஒழுக்கக் கேட்டின் விளைவு என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. பெனிசிலின் வந்து மேகநோய் குறைந்த பின்னும் வீக்கம் மறையவில்லை. அப்போதுதான் வேறு காரணங்களைத் தேட வேண்டிய தேவை மருத்துவர்க்குத் தெளிவாயிற்று.

விடையின் முதல் நுனி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஆயினும் அதை எவரும் பெருந்தமனியுடன் பொருத்திப் பார்க்கவில்லை. 1896-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அந்துவான் மார்ஃபான் என்னும் குழந்தை மருத்துவர், ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவர் அவையின் முன் நிறுத்தினார். அவள் கை கால்கள் மெலிந்து நீண்டிருந்தன. விரல்கள் இயல்புக்கு மீறி நெடியனவாயிருந்தன. சிலந்தியின் கால்களுக்கு அவற்றை ஒப்பிட்டார் மார்ஃபான். இதயத்தைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. பின்வந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கண்ணியைச் சேர்த்தனர். இத்தகையோர்க்குக் கண்ணின் வில்லை இடம் பெயர்வதை ஒருவர் கண்டார். பெற்றோருள் ஒருவரிடமிருந்து பிள்ளைகளுக்கு இது இறங்குவதை 1931-இல் வேவே என்னும் டச்சுக் கண் மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1943-இல்தான் அமெரிக்க மருத்துவர்கள் இந்நோயாளரின் பெருந்தமனி விரிவடைவதையும் பிளப்பதையும் எழுதினர். சிறுமியின் விரலிலிருந்து பெருந்தமனியை எட்ட 47 ஆண்டுகள் சென்றன.

இக்கண்ணிகளை ஒரே சங்கிலியாகக் கோத்த பெருமை பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த விக்டர் மக்கூசிக் என்பவரையே சாரும். அவர் இதய மருத்துவராகத் தொழில் தொடங்கியவர். நெடிய விரல்களும், இடம் பெயர்ந்த கண் வில்லையும், விரிந்த பெருந்தமனியும் ஒரே ஆளிடம் கூடி வருவது ஏன் என்னும் வினா அவரை ஆட்கொண்டது. உடலை இணைத்துக் கட்டும் நார்ப்பொருளில் ஒரே ஒரு குறை இருந்தால், அந்நார் எங்கெல்லாம் பயன்படுகிறதோ அங்கெல்லாம் அது வெளிப்படும் என்று அவர் முடிவு செய்தார். 1956-இல் அவர் வெளியிட்ட நூல், மரபுவழி வரும் இணைப்புத் திசு நோய்களைப் பற்றிய அடிப்படை நூலாயிற்று. அந்நாளில் குறிப்பிட்ட மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்க்கும் வழி எதுவும் இல்லை. அவர் கையிலிருந்த கருவி குடும்ப மரம் ஒன்றே. வட்டமும் சதுரமும் வரைந்து, இறந்தவர் மேல் ஒரு கோடிட்டு, இறந்த வயதைக் குறித்துவைத்தார். அப்படங்களிலிருந்தே நோயின் போக்கு புலனாயிற்று. மரபணு கைக்கு எட்டுவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் கருத்து சரியென்பதற்கு வேண்டிய சான்று அக்குடும்ப மரங்களில் இருந்தது.

அறுவை மருத்துவமும் அதே காலத்தில் துணிவு பெற்றது. ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கியும் உடனிருந்தோரும் பிளந்த பெருந்தமனியைச் செப்பனிட்ட செய்தியை 1955-இல் வெளியிட்டனர். 1968-இல் லண்டனில் பெண்டாலும் டிபோனோவும் பெருந்தமனியின் அடிப்பகுதியையும் வால்வையும் ஒருங்கே மாற்றும் முறையை வகுத்தனர். டிபேக்கியின் வாழ்க்கையில் நேர்ந்த விந்தை ஒன்றை இங்குக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 2005-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, 97 வயதில், அவருக்கே அந்நோய் நேர்ந்தது. தாம் உருவாக்கிய வழியில் வந்த அறுவையால் பிழைத்து, 2008-இல் 99 வயதில் மறைந்தார். இளையோர் பலர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1972-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, மார்ஃபான் நோயாளர் இறந்த சராசரி வயதை 32 எனக் கணித்தது. முன்னரே அறிந்து, மருந்தும் தக்க நேரத்தில் அறுவையும் பெற்றவர்களின் வாழ்நாள் அதன்பின் வந்த இருபதாண்டுகளில் எழுபதை நெருங்கியது.

அறியாமல் விடுவதற்கும் அறிந்து காப்பதற்கும் உள்ள வேற்றுமையை ஒரே குடும்பத்தில் உலகம் கண்டது. 1984 ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்கக் கைப்பந்து அணியில் ஆறடி ஐந்து அங்குல உயரமுடைய புளோ ஹைமன் விளங்கினார். அவ்வுயரம் அவருடைய ஆற்றலாகவே போற்றப்பட்டது. 1986 சனவரி 24-ஆம் நாள் ஜப்பானில் ஆட்டத்தினிடையே இருக்கையில் அமர்ந்தவர், அங்கேயே சாய்ந்து உயிர்நீத்தார். வயது 31. மாரடைப்பு என்றே முதலில் கருதப்பட்டது. உடலாய்வில் பெருந்தமனி கிழிந்திருந்தமை தெரிந்தது. உடனே அவர் உடன்பிறந்தோர் ஆராயப்பட்டனர். சகோதரர் ஒருவர்க்கும் அதே நோய் இருந்தது தெரிந்து, அறுவை செய்யப்பட்டு அவர் காப்பாற்றப்பட்டார். தமக்கையின் இறப்புக்குச் சரியான பெயர் கிடைத்தமையே தம்பியின் உயிரைக் காத்தது.

அதே 1986-இல் லின் சக்காய் என்னும் அறிவியலறிஞரும் அவர் துணைவர்களும் பைப்ரில்லின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். நெகிழும் நார்களுக்குச் சாரம் போல நின்று தாங்குவது அது. 1990-இல் பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தோர், மார்ஃபான் நோயின் மரபணு 15-ஆம் நிறப்புரியில் இருப்பதாகக் காட்டினர். 1991-இல் ஹாரி டயட்சும் குழுவினரும், அங்குள்ள பைப்ரில்லின் மரபணுவிலேயே பிழை இருப்பதை மெய்ப்பித்தனர். மக்கூசிக் 1956-இல் கூறிய ஒற்றைக் குறை கையில் அகப்பட்டுவிட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேரில் ஒருவர்க்கு இந்நோய் உண்டு என மதிப்பிடுகின்றனர். நூற்றுக்கு இருபத்தைந்து பேரிடம் இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றுகிறது. ஆகவே, குடும்பத்தில் முன்பு எவர்க்கும் இல்லை என்பதால் மட்டும் இதை ஒதுக்கிவிட இயலாது.

கதை அத்துடன் முடிந்ததாகப் பலர் கருதினர். ஆனால், நெடிய விரல்களோ கண்குறையோ இல்லாத சாதாரணத் தோற்றமுடைய குடும்பங்களிலும் பெருந்தமனி தலைமுறைதோறும் பிளந்துகொண்டிருந்தது. 2005-இல் லூயிஸ், டயட்ஸ் இருவரும் வளர்ச்சிச் செய்தியை ஏற்கும் இரு மரபணுக்களில் பிழையுடைய நோயொன்றை விளக்கினர்; அது இன்று அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நோயுடையார்க்குக் குழாய் சிறிதளவே விரிந்த நிலையிலும் பிளவு நேரக்கூடும். 2007-இல் டெக்சாஸ் மாநிலத்து டயானா மிலெவிச் குழுவினர், தமனித் தசையைச் சுருக்கும் ஆக்டின் புரதத்தின் மரபணுவான ஆக்டா-2-இல் பிழை கண்டனர். வெளித்தோற்றத்தில் எக்குறியும் காட்டாத குடும்பங்களின் புதிரில் ஒரு பகுதி அதனால் விடுபட்டது. 2018-இல் அறிஞர் குழுவொன்று சான்றுகளைச் சீர்தூக்கி, 11 மரபணுக்களை இந்நோய்க்கு உறுதியான தொடர்புடையவையென வரிசைப்படுத்தியது. இவற்றின் பிழைகள் பெரும்பாலும் ஓங்கு முறையில் இறங்குவன. அதாவது, தாய் தந்தையருள் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆண் பெண் வேறுபாடு இல்லை.

இங்கே நம் வழக்கம் ஒன்று தடையாய் நிற்கிறது. பங்காளிகளையே குடும்பம் என எண்ணுகிறோம். கட்டிக்கொடுத்த பெண்ணின் பிள்ளைகள் வேறு வீட்டார் ஆகிவிடுகின்றனர். ஒரு தலைமுறை கழிந்தபின் அத்தையின் பேரன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியாது. மரபணுவுக்கோ பங்காளி, சம்பந்தி என்னும் பிரிவு கிடையாது. தந்தைவழியில் நோய் தென்படவில்லை என அமைதியடைந்த குடும்பத்தில், தாய்மாமன் இளவயதில் இறந்ததை எவரும் பொருட்படுத்தாதிருத்தல் உண்டு.

அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணந்ததால்தான் இந்நோய் வந்தது என்று சிலர் கூறுவர். ஓங்கு முறையில் இறங்கும் வகைகளுக்கு அது பொருந்தாது. ஒரு பிழைமரபணுவே போதும் என்பதால், உறவில் மணம் செய்தாலும் செய்யாவிடினும் வாய்ப்பு ஒன்றே. ஆனால், வேறொரு வகை உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்து சேர்ந்தாலன்றி அது தோன்றாது. அதற்குத் தென்னிந்தியாவிலேயே துயரமான சான்று கிடைத்தது. கொச்சி அமிர்தா மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பெருந்தமனியும் அதன் கிளைகளும் பெரிதும் விரிந்து வளைந்த 22 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினர். பெரும்பாலும் கேரளத்தின் ஒரே சமூகத்தைச் சேர்ந்த அக்குழந்தைகளிடையே காணப்பட்டது பைபுலின்-4 என்னும் மரபணுவின் ஒரே பிழையாகும். என்றோ ஒரு மூதாதையிடம் தோன்றிய பிழை, தமக்குள்ளேயே மணவுறவு கொண்ட மக்களிடையே பரவியிருந்தது என்பது இதன் பொருள். பெற்றோர் நலமாயிருந்தனர், குழந்தைகளோ உயிர் தரிக்க இயலாது போயினர். பெயரறியாத குழந்தை இறப்பு என ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே அழுது முடிந்திருக்க வேண்டியவை, ஒரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தமையால் ஒரே நோயென வெளிப்பட்டன.

நோயைக் கண்டறியும் முறை இன்று ஒழுங்குபட்டுள்ளது. மருத்துவர் முதலில் வினவுவது குடும்ப வரலாறே. பின்னர் உடலை நோக்குவார். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கினால் அதன் நுனி மறுபுறம் வெளியே நீள்கிறதா, கைவிரித்த அகலம் உயரத்தை விஞ்சுகிறதா, மார்பெலும்பு புடைத்தோ குழிந்தோ உள்ளதா, உள்நாக்கு இரண்டாகப் பிளந்துள்ளதா என ஆராய்வார். கண் மருத்துவர் வில்லையின் நிலையைப் பார்ப்பார். எக்கோ எனப்படும் ஒலியலைச் சோதனை வலியின்றிச் சில நிமிடங்களில் பெருந்தமனியின் அடிப்பகுதியை அளந்துவிடும். உடலின் அளவையும் வயதையும் கொண்டே அவ்வளவை மதிப்பிட வேண்டும். சிறுவன் ஒருவனுக்கு 3 செ.மீ. என்பதே மிகையாகலாம். முழுக் குழாயையும் காண சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுப்பர். நம் நாட்டில் இளம் பெண்களிடையே காணப்படும் டக்காயாசு அழற்சியும் பெருந்தமனியைத் தாக்குவதால், அதனையும் விலக்கிப் பார்ப்பது மருத்துவர் கடமை.

மரபணுச் சோதனை இவற்றின் பின்னரே வருகிறது. நோய் வெளிப்பட்டவரிடமிருந்தே முதலில் குருதி எடுக்க வேண்டும் என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம். அவரிடம் பிழை இன்னதெனத் தெரிந்தபின், உடன்பிறந்தாரிடமும் பிள்ளைகளிடமும் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். பெங்களூரில் அரசு சார்ந்த ஜெயதேவா இதய மருத்துவ நிலையம் பன்னேர்கட்டா சாலையில் உள்ளது. மரபியல் ஆலோசனைக்கு மின்னணு நகரில் மனித மரபியல் மையம் உள்ளது. சோதனையின் விடை எப்போதும் ஆம், இல்லை என வருவதில்லை. ஒரு மாற்றம் காணப்படும். அது தீங்கானதா, தீங்கற்றதா எனக் கூற இயலாதிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மக்களைக் கொண்டு தொகுக்கப்பட்டமையால், இந்தியர்க்கு இத்தகைய ஐயவிடை மிகுதியாக வருகிறது. இக்குறையைப் போக்கவே, 2020-இல் தொடங்கிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைக்க, பல நிறுவனங்கள் கூடிப் பதினாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதியைப் படித்தன. அத்தரவு 2025 சனவரியில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டது.

மறைப்பதும் நம்மிடையே உண்டு. வீட்டில் நோய் இருப்பதாகத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்னும் அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால், அப்பெண்ணின் பெருந்தமனி விரிந்திருக்குமானால், பேறுகாலமும் அதையடுத்த வாரங்களுமே அவளுக்கு மிக இடர்மிக்க காலம். அளவு தெரிந்திருந்தால், கருத்தரிக்கும் முன்னரே அறுவையோ நெருங்கிய கண்காணிப்போ மேற்கொள்ள முடியும். எனவே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுவதா என்னும் வாதத்துக்கு முன், பெண்ணிடம் சொல்லியாக வேண்டும்.

நோய் உறுதியானவர்க்கு இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து முதன்மையானது. புரோப்ரனலால் என்னும் அவ்வகை மருந்து குழாய் விரியும் வேகத்தைத் தணிப்பதாக 1994-இல் காட்டப்பட்டது. பளு தூக்குவதும் மோதி விளையாடுவதும் விலக்கத்தக்கன. குழாய் ஏறத்தாழ 5 செ.மீ. அகலத்தை எட்டும்போது, பிளவு நேரும் முன்னரே அறுவை செய்வர். சில மரபணுப் பிழைகளில் அதனினும் முன்னதாகவே செய்வர். மார்பிலோ தோள்பட்டைகளுக்கிடையே முதுகிலோ கிழிப்பது போன்ற வலி திடீரெனத் தோன்றினால், "எங்கள் குடும்பத்தில் பெருந்தமனி நோய் உண்டு" என்னும் ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் முதலில் கூற வேண்டும். மாரடைப்புக்குத் தரும் உறைவு கரைக்கும் மருந்து பெருந்தமனிப் பிளவில் உயிருக்கே கேடாகலாம். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரைப் படம் எடுக்கச் செய்யும்.

சோதனையைக் கண்டு அஞ்சுவோர் அதன் மறுபக்கத்தை எண்ணுவதில்லை. தந்தையிடம் காணப்பட்ட பிழை நான்கு பிள்ளைகளுள் இருவரிடம் இல்லையெனத் தெரிந்தால், அவ்விருவர்க்கும் ஆண்டுதோறும் எக்கோ தேவையில்லை, மருந்து தேவையில்லை, அவர்கள் பிள்ளைகளுக்குச் சோதனையும் தேவையில்லை.